ஒன்பதாவது நிபந்தனை

ஏனுங்க, அந்தப் பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளாதீங்க. கிரைண்டர்தானே? உள்ளே கல் இருக்கிறது. இந்த டிரைவர் ஒரு பிரேக் போட்டால் அது நேரே முன்வாசலுக்குப் போய், டிக்கெட் எடுக்காமல் இறங்கிவிடும். இப்படி நடுவில் வையுங்க. நான் காலை ஒதுக்கிக்கொள்கிறேன். எனக்கு அன்னூர் வரைக்கும் போகவேண்டும். உங்களுக்கு? சத்தியமங்கலமா? சரிதான். அன்னூர் வரைக்கும் என் பேச்சிலிருந்து தப்பிக்க உங்களுக்கு வழியில்லை.

நேற்றுச் சாயங்காலம் வாங்கினதா? தங்கச்சிக்கா. நல்லது. இந்தக் கம்பெனி கிரைண்டர் நன்றாகத்தான் அரைக்கும். கம்பெனி பேரை நான் சொல்ல மாட்டேன். பெட்டியிலேயே முழ நீளத்துக்குப் போட்டிருக்கிறது, நீங்களே படித்துக்கொள்ளுங்க. நான் கேட்க வந்தது வேறே. உள்ளே ஒரு கேரண்டி அட்டை இருக்குமே, பார்த்தீங்களா? பார்த்திருக்க மாட்டீங்க. யாரும் பார்ப்பதில்லை. கல் சுற்றாமல் நிற்கிற அன்றைக்குத்தான் வீட்டையே கவிழ்த்துப்போட்டுத் தேடுவார்கள். அன்றைக்கு அது கிடைக்காது. அதற்குப் பேர்தான் கேரண்டி.

அந்த அட்டையை நான் ஒரு தடவை பார்க்கணும். இப்போதே பிரிக்க வேண்டாம். காலங்காத்தாலே எவனோ பஸ்ஸில் உட்கார்ந்து பெட்டியைப் பிரி என்கிறானே என்று நினைப்பீங்க. விஷயத்தைச் சொல்கிறேன். சரவணம்பட்டி தாண்டுவதற்குள் உங்களுக்கே பிரித்துப் பார்க்கத் தோன்றும்.

என் பேர் சென்னியப்பன். காட்டூரில் ஒரு பிளேட் சென்டரில் இருபத்தோரு வருசமாக ராத்திரி வேலை. பிளேட் என்றால் சோறு போடுகிற பிளேட் இல்லை, அலுமினியத் தகடு. நோட்டீஸ், பத்திரிகை, மருந்து டப்பா, எதுவாக இருந்தாலும் முதலில் கம்ப்யூட்டரில் படமாக இருக்கும். அதை நான் தகட்டில் ஏற்றிக் கொடுப்பேன். தகட்டை மெஷினில் மாட்டி அடிப்பார்கள். அவ்வளவுதான் தொழில். நான் படித்தது எட்டாவது. கம்ப்யூட்டரை யாரும் சொல்லித்தரவில்லை. முதலாளி சாப்பிடப் போகிற அரை மணியில் திருட்டுத்தனமாகத் தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டது. இன்றைக்குக் காலேஜில் படித்து வந்தவர்கள் பண்ணுகிற கோளாறை நான் உட்கார்ந்து சரி பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

எங்களிடம் யாரும் சாவகாசமாக வந்ததில்லை. கல்யாணம் ஆறு மாசத்துக்கு முன்னாடி நிச்சயம் ஆகியிருக்கும். மண்டபம், சமையல், நாதஸ்வரம் எல்லாம் ஆறு மாசத்துக்கு முன்னாடியே. பத்திரிகை ஃபைல் மட்டும் மெஷின்காரன் கையைக் கழுவுகிற நேரத்தில் வரும். பேர் 'பைனல்'. பின்னாலேயே 'பைனல் நியூ'. அப்புறம் 'பைனல் லாஸ்ட் கன்பார்ம்'. வாட்ஸ்அப்பில் நாலு கை மாறிக் கசங்கின படத்தைக் கொடுத்து ஆளுயரத்துக்குப் போஸ்டர் கேட்பார் ஒருத்தர். இன்னொருத்தர் ஃபான்ட் கொடுக்க மாட்டார், ஃபைல் மட்டும் கொடுப்பார். திறந்தால் மாப்பிள்ளை பேர் இருக்கவேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக நிற்கும். கேட்டால், "என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தானுங்க தெரியுது" என்பார். "அப்படீங்களா, அப்ப அந்தக் கம்ப்யூட்டரையே தூக்கீட்டு வீடு வீடாப் போய்க் காட்டிப்போட்டு வந்துருங்க" என்பேன். கோவித்துக்கொண்டு போவார்கள். போய்விட்டு ஃபான்ட்டோடு திரும்பி வருவார்கள். கோயமுத்தூரில் இத்தனை கல்யாணம் பேர் மாறாமல் நடக்கிறது என்றால் அதற்குக் காரணம் என் வாய்தான்.

இன்னொன்று சொல்லணும். ஃபைலில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் படிக்கவே மாட்டேன். பார்ப்பேன், அவ்வளவுதான். எழுத்து உடைந்திருக்கிறதா, ஓரத்தில் வெட்டுப்படுமா, கருப்பு கருப்பாக இருக்கிறதா. படிக்க ஆரம்பித்தால் வேலை ஆகாது. ராத்திரி பத்துப் பேரின் கருமாதி, நாலு பேரின் கல்யாணம், ஒரு கோயில் கும்பாபிஷேகம். எல்லாவற்றுக்கும் மனசைக் கொடுத்தால் விடிகிறபோது ஆள் இருக்க மாட்டான். வீட்டில்கூட இதையேதான் சொல்வாள், "நீங்க எதையும் பாக்கறதோட செரி" என்று. பாராட்டாகத்தான் சொல்கிறாள் என்று நினைக்கிறேன்.

சுகந்தி என்று ஒரு அம்மிணி. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டிசைன் ஆபீஸில் பகல் வேலை. இந்தக் கிரைண்டர் கம்பெனி வேலையெல்லாம் அங்கேதான் டிசைன் ஆகும். சாயங்காலம் ஃபைல் மெயிலில் எனக்கு வரும். நான் ராத்திரி சரி பார்த்துப் பிளேட் போட்டு, திருத்தின ஃபைலை விடியற்காலம் திருப்பி அனுப்பிவிடுவேன். ஆளை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லைங்க. அவள் பகல், நான் ராத்திரி.

டிசைன் பண்ணுகிறபோது திரையில் நடுவில் ஒரு தாள் இருக்கும், சுற்றிலும் வெள்ளையாக இடம் கிடக்கும். தாளுக்கு உள்ளே இருப்பதுதான் அச்சாகும். வெளியே கிடப்பது ஆகாது. மிச்சம் மீதி படத்தை அங்கே ஒதுக்கிப் போடுவார்கள், நாம் வாசலில் செருப்பை விடுகிற மாதிரி. இந்த அம்மிணி அங்கே எனக்கு எழுத ஆரம்பித்தாள். முதலில் தொழில்தான். 'அண்ணா, சிவப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குங்களா? பாத்துக்கங்க.' நான் அதற்குக் கீழேயே, 'சிவப்பு தூக்கல் இல்லை, உங்க மானிட்டர் தூக்கல்' என்று எழுதி அனுப்பினேன். மறுநாள், 'மானிட்டரை முதலாளி பழைய சாமான் கடையில எடுத்தாருங்ணா. சிவப்பாவது தெரியுதேன்னு சந்தோசப்படுங்க.' நாக்கு நீளம்தான்.

ஏழு மாசம் இப்படியே ஓடியது. நான் தொழில் தவிர ஒரு வார்த்தை எழுதினதில்லை. அவள்தான் எழுதுவாள். 'ராத்திரி டீ எத்தனை குடிப்பீங்க?' 'மழை பெய்ஞ்சுதுங்களா, இங்க சன்னலைத் திறக்க விடமாட்டாங்க.' ஒரு நாள், 'நீங்க என்ன கருப்புன்னு சொல்றீங்களோ அந்தக் கருப்புதான் நானும்' என்று எழுதிப் பக்கத்தில் சின்னதாக ஒரு காக்கா படம். சித்திரை வருசப்பிறப்பு அன்றைக்கு, 'நீங்க லீவு எடுக்க மாட்டீங்கன்னு தெரியும்.' இதையெல்லாம் நான் கண்டுகொள்வதே இல்லை. போகிறபோக்கில் கண்ணில் பட்டது, ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான்.

நான் எதையும் படிக்க மாட்டேன் என்று சொன்னேன் இல்லையா. இதை மட்டும் படிப்பேன். இது தாளுக்கு வெளியே இருப்பது, கணக்கில் வராது.

வினை எங்கே வந்தது என்றால், அவர்கள் ஆபீஸில் டிசைன் போடுகிற கோரல் சாப்ட்வேரைப் புதுசாக மாற்றினார்கள். என்னிடம் இருந்தது பழசு. புதுசில் செய்த ஃபைலைப் பழசு திறக்காது. அவள் ஒவ்வொரு தடவையும் பழசுக்கு இறக்கிச் சேமித்து அனுப்பவேண்டும். அவசரத்தில் மறந்துவிடுவாள். நான் ராத்திரி திறந்தால் திறக்காது. அவள் ஆபீஸைப் பூட்டிக்கொண்டு போயிருப்பாள். மூன்று தடவை இப்படி ஆயிற்று. கிட்டுசாமி, எங்கள் முதலாளி, "புதுசு நாமளும் போட்டுக்கலாமாடா" என்று கேட்டார். எதற்கு? இருபத்தோரு வருசம் பழகின சாமான். "வேண்டாமுங்க, அவிங்கதான் ஒழுங்கா அனுப்போணும்" என்று சொல்லிப்போட்டேன். அன்றைக்குத் திருப்பி அனுப்பின ஃபைலில் எழுதினேன்: 'புதுசு வாங்கின பெருமையை உங்க முதலாளி கொலுவில் வைத்துக்கொள்ளட்டும். எனக்கு இனிமேல் எல்லாவற்றையும் இ.பி.எஸ்ஸாக அனுப்பவும்.'

இ.பி.எஸ். என்பது வேறொரு வகை ஃபைல். எந்தப் பழைய மெஷினும் வாங்கிக்கொள்ளும். ஆனால் திறந்து உள்ளே கை வைக்க முடியாது. மூடின டிபன்பாக்ஸ் மாதிரி, அப்படியே தூக்கி வைக்கவேண்டியதுதான். திரையில் மங்கலாக ஒரு நிழல்தான் தெரியும். அதில் இன்னொரு குணமும் உண்டு. பார்த்துச் சேமிக்காவிட்டால், தாளுக்கு உள்ளே, வெளியே என்ற பேதமே அதற்குக் கிடையாது. திரையில் கிடப்பது அத்தனையையும் கட்டிக்கொண்டு வந்துவிடும், வாசலில் கிடந்த செருப்பு உட்பட.

அது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? டிசைன் பண்ணுகிறவள் அவள்தானே?

ஆவணி மாசம். தீபாவளிக்குக் கிரைண்டர் போகிற சீசன். அஞ்சாயிரம் கேரண்டி அட்டை, மறுநாள் காலையில் பெட்டி கட்டியாகவேண்டும். ஃபைல் வரும்போது மணி எட்டு. இ.பி.எஸ். சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டாளே என்று ஒரு சந்தோசம். அளவு பார்த்தால் அட்டையை விட ரெண்டு அங்குலம் அகலம் கூட இருக்கிறது. "அளவுகூடத் தெரியாம ஒரு டிசைனரு" என்று முனகிக்கொண்டே, நான் அட்டை அளவுக்கே அடுக்கினேன். ஒரு பெரிய தாளில் எட்டு அட்டை. இடது வரிசை நாலு, வலது வரிசை நாலு. ஒட்ட ஒட்ட. சோதனைக்கு ஒரு தாள் எடுத்து முதல் அட்டையைப் பார்த்தேன். இடது, மேலே. கருப்பு கருப்பாக, சிவப்பு சிவப்பாக, ஓரம் சுத்தமாக. எட்டும் ஒரே அட்டைதானே, ஒன்று சரி என்றால் எட்டும் சரி. இருபத்தோரு வருசமாக அப்படித்தான்.

உங்களுக்கே புரிந்திருக்கும். ஒரு அட்டைக்கு வெளியே என்பது அடுத்த அட்டைக்கு உள்ளே. இடது வரிசைக்காரனின் வாசல் வலது வரிசைக்காரனின் நடுவீடு. அவள் தாளுக்கு வலப்பக்கம் எனக்கு எழுதியிருந்தது, பக்கத்து அட்டையில், கடைக்காரர் முத்திரை வைக்க விட்டிருந்த வெற்றிடத்தில் போய் அழகாக உட்கார்ந்துவிட்டது. அதுவும் எப்படி? அட்டையில் எட்டு நிபந்தனை இருக்கும். கல் உடைந்தால் பொறுப்பில்லை, ஒயர் எரிந்தால் பொறுப்பில்லை என்று. அதே எழுத்து, அதே அளவில் எழுதியிருக்கிறாள். ஒன்பதாவது நிபந்தனை மாதிரியே இருந்ததாம். மெஷின்காரனும் கவனிக்கவில்லை, வெட்டினவனும் கவனிக்கவில்லை. பாதி அட்டை சுத்தம், பாதி அட்டையில் சுகந்தி.

கண்டுபிடித்தது யார் தெரியுமா? பரமக்குடியில் ஒரு அம்மா. கிரைண்டரைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் அட்டையை முழுசாகப் படித்திருக்கிறது. இந்த நாட்டில் கேரண்டி அட்டையை முழுசாகப் படித்த ஒரே ஆள். கம்பெனிக்குப் போன் போட்டு, "கல்லெல்லாம் நல்லாத்தேன் சுத்துது. அந்தப் புள்ளைக்கு வேலை கெடச்சுச்சா? அதுல போட்ருந்த நம்பருக்கு அடிச்சேன், எடுக்கல" என்று கேட்டிருக்கிறது. கம்பெனிக்காரர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. குடோனில் போய்ப் பத்து அட்டையை எடுத்துப் பார்த்தால், அஞ்சில் இருக்கிறது. அப்புறம் ரெண்டு நாளில் திருநெல்வேலியிலிருந்து ஒரு வாத்தியார், காரைக்குடியிலிருந்து ஒரு ஆச்சி. எல்லோரும் இதையே கேட்டிருக்கிறார்கள்.

கம்பெனி மேனேஜரும் டிசைன் ஆபீஸ் முதலாளியும் ஒரு சாயங்காலம் எங்கள் சென்டருக்கு வந்தார்கள். நான் அப்போதுதான் சட்டையைக் கழற்றி மாட்டுகிறேன். கிட்டுசாமி அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துச் சத்தமாகப் படித்தார்.

"அண்ணா, உங்க சென்டர்ல பகல் வேலைக்கு ஆள் எடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன். எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்க. இங்க இனி முடியாதுங்ணா. அப்பாவுக்கு டயாலிசிஸ், வாரம் ரெண்டு நாள் மத்தியானம் கூட்டீட்டுப் போகோணும், விடமாட்டேங்கறாங்க. எங்க முதலாளிக்குத் தெரியவேண்டாம். என் நம்பர்..." அதோடு நிறுத்திவிட்டார்.

முதலாளிக்குத் தெரியவேண்டாம் என்று ரெண்டாயிரத்து ஐந்நூறு அட்டையில் அச்சடித்திருக்கிறது. அந்த முதலாளி அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். காது சிவந்திருந்தது. அது நிஜமாகவே தூக்கலான சிவப்பு.

கிட்டுசாமி என்னைப் பார்த்தார். "சென்னியா, இந்தப் புள்ளை உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அண்ணான்னு எழுதியிருக்குது?"

"கோயமுத்தூர்ல எல்லாரும் எல்லாருக்கும் அண்ணாதானுங்க. பஸ் கண்டக்டரும் அண்ணாதான்."

"வெளியில எழுத்து கெடந்ததை நீ பாக்கலையா?"

"இ.பி.எஸ்ஸா அனுப்புனா உள்ள பாக்க முடியாதுங்க."

"இ.பி.எஸ். யாருடா கேட்டது?"

"அவிங்களாத்தான் அனுப்புனாங்க."

ஒரு வார்த்தை சொல்லுங்க என்று கேட்டிருந்தாள் இல்லையா. மூன்று நாலு வார்த்தையாகவே சொல்லிவிட்டேன்.

நீங்க அப்படிப் பார்க்காதீங்க. எனக்கு அப்போது என்ன தெரியும்? பிளேட் சென்டரின் தப்பு என்று ஆனால் அஞ்சாயிரம் அட்டையையும் எங்கள் தலையில் கட்டுவார்கள். எனக்கு இந்த வயசில் வேறு எவன் வேலை கொடுப்பான்? மறுநாளே அவளை நிறுத்திவிட்டார்கள். எப்படியும் அவள் அங்கேயிருந்து போகத்தானே இருந்தாள்? ஒரு வகையில் அவள் கேட்டது பாதி நடந்துவிட்டது.

அன்றைக்கு ராத்திரி அந்த ஏழு மாச ஃபைலையும் அழித்துவிட்டேன். 'எனக்கு இனிமேல் இ.பி.எஸ்ஸாக அனுப்பவும்' என்று நான் எழுதினது அதில் இருந்ததே. திருப்பி அனுப்பின மெயில்களையும் விடவில்லை. கம்ப்யூட்டரில் இடம் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று கிட்டுசாமியிடம் சொன்னேன். காக்காவும் அதில் போயிற்று.

இதோ சரவணம்பட்டி. கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க, கூட்டம் ஏறும்.

இனிமேல்தான் கூத்து. கார்த்திகையில் ஒரு நாள் கிட்டுசாமி வருகிறார். பகல் வேலைக்கு வைத்த பையன் ஒரு வாரத்தில் ஓடிவிட்டான். "ஏண்டா சென்னியா, அந்தக் கிரைண்டர் அட்டைப் புள்ளை. எழுத்தை எவ்வளவு சுத்தமாக் கோத்திருந்துச்சு பாத்தியா. முத்திரை கட்டத்துக்குள்ள அளவெடுத்த மாதிரி உக்காந்திருந்துச்சு. அதையே கூப்புட்டுக்கலாம். மத்தியானம் ரெண்டு நாள்தான, போய்ட்டு வரட்டும். நம்பர் இருக்குதா?"

நம்பர்! என் ஃபைலில் இல்லை, அழித்தாயிற்று. அன்றைக்குக் காட்டின அட்டையை மேனேஜர் கையோடு கொண்டுபோய்விட்டார். குடோனில் இருந்ததோடு சேர்த்து அதையும் எரித்துவிட்டார்கள். டிசைன் ஆபீஸுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "எதுக்கு, நீயும் வேலை கேட்டு அச்சடிக்கறதுக்கா?" என்று வைத்துவிட்டார். மிச்சம் இருப்பது, எரிப்பதற்கு முன்னால் பெட்டிக்குள் போய்விட்ட அட்டைதான். சென்னையிலும் சாத்தூரிலும் எவர் வீட்டிலோ, எவர் பரண்மேலோ அந்த நம்பர் பத்திரமாக இருக்கிறது. ஊருக்கெல்லாம் தெரியும், எனக்குத் தெரியாது.

அதனால்தான் இந்தக் கம்பெனிப் பெட்டியோடு யார் பஸ் ஏறினாலும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். முதலாளி சொன்ன வேலை. மற்றபடி எனக்கென்ன. இதுவரைக்கும் பதினோரு பெட்டி. ஒன்பதில் திரும்ப அடித்த புது அட்டை. ரெண்டு பழசுதான், ஆனால் இடது வரிசை. ஒரு அழுக்கு இல்லாமல், கண்ணாடி மாதிரி சுத்தம். இருபத்தோரு வருசத்தில் நல்ல அச்சைப் பார்த்து வயிறெரிந்தது அப்போதுதான்.

பிரிக்கிறீங்களா? கேட்கவே கூச்சமாக இருந்தது. மேலே டேப்பை மட்டும் கிழியுங்க, அட்டை தெர்மோகோல் இடுக்கில் சொருகியிருக்கும். அது வேண்டாம், அது சமையல் குறிப்பு. அதற்குப் பின்னால். ஆமாம், அதுதான்.

என்னிடம் கொடுக்காதீங்க, நீங்களே வைத்துக்கொள்ளுங்க. சிவப்பு பழசுதான். எங்கள் பிளேட்தான், தூரத்திலிருந்தே தெரியும். இடது பக்கம் கீழே, கடை முத்திரைக் கட்டம். முத்திரை எங்கே வைத்திருக்கிறான்? அவசரத்தில் ஓரத்தில் குத்தியிருக்கிறான். கட்டம் காலியா?

இருக்கிறதா?

கொஞ்சம் பொறுங்க, படிக்க வேண்டாம். மேலே இருப்பது எனக்குத் தெரியும். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்புங்க. பாருங்க, எவ்வளவு சின்ன எழுத்து, ஒரு சுழி அடைபடவில்லை. இந்த மாதிரிப் பிளேட் போட இந்த ஊரில் எனக்கு அடுத்தது யாரும் கிடையாது. நம்பர் பத்தும் தெரிகிறதா? நசுங்காமல்?

கோவில்பாளையம் வருகிறது.

உங்க போனிலேயே போடுங்களேன். என்னுடையதில் சார்ஜ் இல்லை. இல்லை, அது லைட் எரியும், சார்ஜ் இருக்காது. காலை ஆறேகால்தான், எழுந்திருப்பாள். எடுத்தால், கிரைண்டர் வாங்கினவர் பேசுகிறேன் என்று சொல்லுங்க. எத்தனையோ பேர் அப்படிப் பேசியிருப்பார்கள், பயப்பட மாட்டாள். வேலை கிடைத்ததாம்மா என்று கேளுங்க. கிடைக்கவில்லை என்றால், காட்டூரில் கிட்டுசாமி பிளேட் சென்டர், பகல் வேலை, வாரம் ரெண்டு மத்தியானம் லீவு உண்டு, நேரில் வரச்சொன்னார்கள் என்று சொல்லுங்க. அப்பா எப்படி இருக்கிறார் என்றும் கேளுங்க. யார் சொன்னது என்று கேட்டால்... கிரைண்டர் வாங்கினவர். அவ்வளவு போதும். புது சாப்ட்வேர் போட்டுவிட்டார்கள் என்றும் சொல்லுங்க. போன வாரம்தான் போடச் சொன்னேன்.

அடிக்கிறதா? எத்தனை ரிங்?

கண்டக்டர், கோவில்பாளையம் ஒண்ணு இறக்கிவிடுங்க. ஆமாமுங்க, அன்னூர் டிக்கெட்தான். எனக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது, ஞாபகம் வந்துவிட்டது. நீங்க பேசுங்க, பேசுங்க. எடுத்துவிட்டாளா? என்னைப் பார்க்காதீங்க, அங்கே பதில் சொல்லுங்க. காலை மட்டும் ஒதுக்குங்க, நான் பெட்டியைத் தாண்டிப் போய்விடுகிறேன்.